கேம்பருக்கு ஒரு பிரேக்

மூன்று நாளாக வெர்ன் தம் வீட்டு வாசலில் ஹைப்ரிட் எஸ்.யூ.வி.யின் அடியிலேயே கிடந்தார். பின்னால் மாட்டி இழுக்கப்போவது உள்ளே படுத்துத் தூங்க வசதியுள்ள சின்னக் கேம்பர் வண்டிதான். ஆனால் அதற்கும் தனி பிரேக் இருந்தது; அதைக் காரோடு இணைக்க வேண்டும்.

"ஆரஞ்சு ஒயரத் தொட்டுடாதடா, ஹை வோல்டேஜ், கருகிப் போயிடுவே!" என்று பக்கத்து வீட்டு மரே வேலிக்கு அப்பாலிருந்து கத்தினார்.

"நாப்பது வருஷம் எலக்ட்ரீஷியனா இருந்தவன்கிட்ட சொல்றியா?"

"ரிட்டயர் ஆனதும் புருஷனும் பொண்டாட்டியுமா ஊர் சுத்தக் கிளம்பிட்டீங்க. குடுத்து வச்சவன்டா நீ!"

வெர்ன் காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். மனைவி கொலீனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, பின்னால் போய் நின்றார்.

"பெடல மிதி... ம், லைட்டு எரியுது. இப்ப மெதுவா நகர்த்தி, ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற பட்டன அழுத்து. கேம்பர் இழுத்துப் புடிக்குதா?"

"நல்லா புடிக்குது."

"ரோடு ஈரமா இருந்தா, பட்டன் பக்கத்துல இருக்கிற குமிழத் திருகி பிரேக் பிடிப்பைக் கொஞ்சம் குறைச்சு வை."

"சரி. வீட்டுச் சாவிய மேசை மேல வச்சிருக்கேன், வெர்ன்."

கார் கேம்பரை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கியது. மரே கைகொட்டிச் சிரித்தார். "டேய், உன்னை விட்டுட்டுப் போறாங்கடா!"

"ஆமாடா, விட்டுட்டுத்தான் போறா. என்கூட வாழ்ந்தது போதும்னு சொல்லிட்டா."

மரேயின் முகம் மாறியது. "அப்புறம் எதுக்குடா மூணு நாளா இப்படிக் கிடந்து பாடுபட்டே?"

"அவ ராக்கி மலைச் சரிவுல கேம்பரோட இறங்கணும்," என்றார் வெர்ன். "அதுவும் தனியா."