ஊமைக் குஞ்சு

வேப்பமரத்தடியில் போட்டிருந்த கட்டிலை ஒட்டி என்னவோ பொத்தென்று விழுந்தது. கோழிக்குஞ்சு என்று நினைத்துக் கையை நீட்டினேன். விரலைக் கொத்திவிட்டது.

வல்லூற்றுக் குஞ்சு. மரத்து உச்சியில் கூடு இருந்திருக்க வேண்டும். றெக்கை முளைத்துவிட்டது, பறக்கத் தெரியவில்லை. தலையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.

என்னை முறைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தது. அது எனக்குப் பிடித்தது. நானும் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை.

வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடியும் திறந்தது. நாக்கு தெரிந்தது, தொண்டை துடித்தது. சத்தத்தை மட்டும் காணோம்.

ஊமை. அதனால்தான் பெற்றதே கீழே தள்ளிவிட்டது. மனுசர்களே அப்படி இருக்கும்போது பறவையை என்ன சொல்ல.

சுவரில் பூனை வந்து உட்கார்ந்தது. கோழி அடைக்கிற பஞ்சாரத்தை எடுத்துவந்து குஞ்சின் மேல் கவிழ்த்தேன். உள்ளே ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தேன். எப்படியாவது இதைப் பிழைக்கவைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

வீட்டில் நானும் மருமகள் யோகேஸ்வரியும்தான். மகன் திருப்பூரில். அவள் பகலில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போய்விடுவாள். கொஞ்ச காலமாக அவள் என்னிடம் வாய்விட்டுப் பேசுவதில்லை. முணுமுணுப்பாள். என்ன என்று கேட்டால் திரும்பவும் முணுமுணுப்பாள். என்னைத் திட்டத்தான் இருக்கும் என்று நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஊமையாக இருந்தால் இருக்கட்டும். இது முணுமுணுக்காது.

பக்கத்து வீட்டுக் காளிராஜ் லோடு ஆட்டோவை நிறுத்தி இறங்கி வந்தான். மரத்தைப் பார்த்தான், பஞ்சாரத்தைப் பார்த்தான். அவனுக்குக் கட்டைக் குரல்.

"பெரியப்பா, அதைத் தொறந்து விட்டுருங்க. தாய் மேல கெடந்து உசுரு போற மாதிரி கத்துது."

ஆடி வெள்ளிக்கு நான் இருக்கன்குடி போயிருந்த அன்றுதான் என் சேவல் காணாமல் போனது. அன்றைக்கு இவன் வீட்டில்தான் குழம்பு மணத்தது.

"ஏலே, நான் காலையில இருந்து இங்கனதான கெடக்கேன். கத்துனா எனக்குக் கேக்காதாக்கும்? சேவல் பத்தலைன்னு இதுக்கும் வந்துட்டியோ?"

தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான்.

சத்தத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வந்துவிட்டான். எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏறுவதற்கு முன்னால் வெடியைக் கொளுத்திப் பார்க்கிற வேலை என்னுடையது. தலை நரைக்கிற வரைக்கும் அதைத்தான் செய்தேன். வெடிக்கிற சத்தத்திலேயே மருந்து கூடவா குறைவா என்று சொல்லிவிடுவேன். முதலாளியே என் காதைக் கேட்டுத்தான் லோடை அனுப்புவார்.

மேலே அண்ணாந்து பார்த்தேன். இலைதான் தெரிந்தது. சாப்பிட்டுப் படுத்தேன்.

கம்பெனி வேன் ஹாரனில்தான் விழித்தேன்.

நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. பஞ்சாரம் முழு வெயிலில் இருந்தது.

அதன் மேல் தலையில்லாத ஓணான் ஒன்று கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று, ரத்தம் காயாமல். நான் வைக்கவில்லை. பூனை கொண்டுவந்து வைக்காது.

பஞ்சாரத்தைத் தூக்கினேன். சிரட்டை கவிழ்ந்திருந்தது. குஞ்சு ஒருக்களித்துக் கிடந்தது. வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது.

விரலால் தொட்டேன். கொத்தவில்லை.

யோகேஸ்வரி வேனிலிருந்து இறங்கி வந்தாள். கையெல்லாம் பட்டாசு மருந்தில் கலக்கிற வெள்ளிப்பொடி. குஞ்சைப் பார்த்தாள். சோற்று வாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையாலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

நானும் பார்த்தேன்.

தாழ்ந்த கிளையில் பெரிய வல்லூறு உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. தொண்டை துடித்தது.

இதுவும் ஊமையா என்று நினைத்தேன்.

யோகேஸ்வரி கையை எடுத்தாள். காது இரண்டிலும் வெள்ளி அப்பியிருந்தது. என் பக்கம் திரும்பி என்னவோ சொன்னாள். எப்போதும் போல முணுமுணுப்பாகத்தான் விழுந்தது.

முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாயை அகலத் திறந்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.