வெள்ளி மை காயும் வரை

அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய அடுக்ககத்தில் பகலிலேயே ஜெனரேட்டரில் மாடிப்படி விளக்கு எரிகிறது. மழை விடவில்லை. தரைக்குக் கீழே உள்ள வாகன நிறுத்தத்தில் நிற்கும் கார்களின் கண்ணாடிவரை தண்ணீர் ஏறிவிட்டது. அதை இறைக்கும் மோட்டார் நின்றுபோய், மோட்டாரை இயக்கும் சர்க்யூட் போர்டு இப்போது படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஷோபனாவின் மடியில் இருக்கிறது. ஈரம் அரித்து, செம்புத் தடம் ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. வெள்ளித் துகள் கலந்த, மின்சாரம் கடத்தும் பேனாவால் அந்த இடைவெளியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு இழுக்கிறாள். மை காய வேண்டும். ஈரக்காற்றில் அது காயாமல் மினுங்குகிறது. ஹேர் டிரையரைப் பிடித்துக் காட்டுகிறாள். படிக்கட்டை ஒட்டிய தரைத்தள வீட்டுக்குள், இடுப்பு அறுவை முடிந்த அம்மா எழ முடியாமல் படுத்திருக்கிறாள். "மேடம், தண்ணி மேல்படிக்கு வந்துகினு கீது, சீக்கிரம்," என்கிறார் காவலாளி ஏகாம்பரம். மை மங்கி இறுகியதும் போர்டைச் சுவர்ப்பெட்டியில் மாட்டி, ஜெனரேட்டர் இணைப்பைத் தருகிறாள். மோட்டார் உறுமுகிறது. "ஓடுது மேடம்!" என்று சிரித்த ஏகாம்பரம், வாசல் பக்கம் திரும்பியதும் அப்படியே நின்றுவிடுகிறார். தெருவையே மறைத்துக்கொண்டு, செம்மண் நிறத்தில், கேட்டின் கம்பிகளுக்குள் சத்தமில்லாமல் நுழைகிறது ஏரித் தண்ணீர். மோட்டார் இறைப்பதைப் போலப் பல மடங்கு. "ஷோபா, மோட்டார் சத்தம் கேக்குதே, இனி வடிஞ்சிரும்ல?" என்று உள்ளிருந்து அம்மா கேட்கிறாள். ஷோபனா உள்ளே ஓடுகிறாள். கட்டிலருகே குனிந்து, "என் கழுத்தக் கெட்டியா பிடிச்சுக்கம்மா," என்கிறாள்.