பக்கத்து வீட்டு இருமல்

"இருமுறான் கிருபா! கேட்டியா, மறுபடியும் இருமுறான்!"

சவரியப்பன் களித்தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியநாதன் இன்னொரு முறை இருமினார். அடிவயிற்றிலிருந்து வந்த நீண்ட இருமல்.

"மனுசன்னா இருமத்தான் செய்வாங்க. உக்காந்து தின்னுங்க" என்றாள் அவர் மனைவி கிருபாராணி.

"இது சாதா இருமல் இல்லடி. ஆளை இழுத்துக்கிட்டுப் போற இருமல். இவன் என்னை முந்திருவான்!"

முந்துவது என்றால், சாவதில்.

பாகலூரை அடுத்த அந்தச் சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில், வாசல் சிலுவையை ஒட்டி, புங்கமரத்தடியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. கல்லறைத் திருநாளன்று சாமியார் அங்கிருந்துதான் தீர்த்தம் தெளிக்கத் தொடங்குவார். கடைசி வரிசைக்குப் போவதற்குள் செம்பு வறண்டுவிடும். அங்கே கிடப்பவர்களுக்கு வெறும் கையசைப்புதான்.

அந்த இடத்தை முதலில் கேட்டவர் ஆரோக்கியநாதன். மறுநாளே சவரியப்பனும் போய்க் கேட்டார். அதுவரை அந்த மரத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை.

சாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் முதல்ல வர்றீங்களோ, அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

ஐம்பத்து நாலாம் வருஷத்து மழைக்காலம் தொடங்கியது. ஆரோக்கியநாதனுக்கு இருமல் வந்தது. சவரியப்பனுக்குத் தூக்கம் போனது.

"கோழியை அடி" என்றார் இப்போது.

"கோழிக்கு எங்க போறது? பொட்டைங்க எல்லாம் அந்த அண்ணன் வயித்துலதான் மேயுது. சேவல் ஒண்ணுதாங்க பாக்கி."

"சேவலை அடி. மொளகு தூக்கலாப் போடு. அவன் சாகக் கூடாது!"

"நாளைக்குப் பூசை முடிஞ்சு பார்க்கலாம். இது கூவலேன்னா பூசைக்கு உங்களை யாரு எழுப்பறது?"

ஊர் வியந்து போயிருந்தது. மத்திகிரியில் மனைவியைப் புதைத்துவிட்டு வந்து, பிள்ளையும் இல்லாமல் தனியாகக் கிடந்த மனிதருக்குச் சவரியப்பன் தினமும் கோழிச்சாறு கொண்டுபோனார். தன் கம்பளியைப் போர்த்திவிட்டார். வண்டி கட்டி ஆனேக்கல் வைத்தியரிடம் அழைத்துப் போனார். வைத்தியர் நாடி பிடித்துவிட்டு, இவருக்கென்ன, எருதுபோல இருக்கிறார் என்று கன்னடத்தில் சொன்னார். அந்த ஆளுக்கு வைத்தியம் தெரியாது என்று சவரியப்பன் முடிவு கட்டினார்.

மறுநாள் பிரசங்கத்தில் சாமியார் சொன்னார்: "பிறரைத் தன்னைப்போல் நேசிப்பது எப்படி என்று நம் சவரியப்பனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்."

கோவிலே திரும்பிப் பார்த்தது. சவரியப்பனுக்கு உடம்பு கூசியது. பூசை முடிந்ததும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டார்.

"நான் அவனை நேசிக்கலீங்க சாமி. அவன் செத்தா இடம் போயிருமேன்னு வயித்தெரிச்சல். அதுக்குத்தான் சாறு."

வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் காதை இன்னும் நெருக்கி வைத்தார்.

"சின்ன வயசுலேருந்தே இப்படித்தாங்க. அவன் கூரைக்கு ஓடு போட்டான், நானும் போட்டேன். அவன் மீசை வெச்சான், நானும் வெச்சேன். எனக்கு நல்லாவே இல்ல."

"இடத்தை விட்டுக்கொடு" என்றார் சாமியார். "வாயால இல்ல, மனசால. அது முடியற வரைக்கும் பரலோக மந்திரம் சொல்லு."

சவரியப்பன் பீடத்துக்கு முன் மண்டியிட்டார். 'உம்முடைய சித்தம்' என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் புங்கமரம் குறுக்கே வந்து நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். முழங்கால் மரத்துப்போனது. சிலுவையில் தொங்கியவரை நிமிர்ந்து பார்த்தார். அவரைப் புதைத்ததே இரவல் கல்லறையில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த முறை சொன்னபோது மரம் வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக ஆரோக்கியநாதன் வீட்டுக்குப் போனார். ஆரோக்கியநாதன் கம்பளிக்குள்ளிருந்து இருமியபடியே முதலில் அவர் கையைப் பார்த்தார். பிறகுதான் முகத்தை.

"கை ஏன்யா காலியா இருக்குது?"

"ஆரோக்கியம், அந்தப் புங்கமரத்தடி உனக்குத்தான். ஆண்டவர் முன்னால மனசார விட்டுட்டேன். இனி உன்னைப் புடிச்சு நிறுத்த மாட்டேன். நீ நிம்மதியாப் போகலாம்."

இருமல் பாதியில் நின்றது.

"போகலாமா? எங்கய்யா போறது? அப்ப சாறு?"

"இனி எதுக்கு?"

ஆரோக்கியநாதன் கம்பளியை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சு நிமிர்ந்து, எருதுபோலத்தான் இருந்தார்.

"அந்த இடம் யாருக்குய்யா வேணும்? மத்திகிரியில என் பொண்டாட்டி பக்கத்துல எனக்கு இடம் போட்டு வெச்சிருக்குது. அடக்கத்துக்கு நீயும்தானே வந்த? வயித்தெரிச்சல்ல மறந்துட்ட. அவ போனதுலேருந்து வெறும் களிதான். சாறு குடுன்னு கேட்டா நீ குடுக்கற ஆளா? நான் எதைக் கேட்டாலும் உனக்கும் அது வேணும். அதான் சாமிகிட்டப் போய் அந்த மரத்தடியைக் கேட்டேன். அப்புறம் இருமினேன்."

சவரியப்பன் கீழே விழுந்த தன் கம்பளியைக் குனிந்து எடுத்தார்.

"பொறாமையில மழைக்காலம் பூரா கொண்டாந்தியே சவரி. அன்புல ஒரு கிண்ணம் கொண்டாரக் கூடாதா?"

சவரியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கத்தினார்: "கிருபா! அந்தச் சேவலை அடி!"