விசாரிக்க வந்த ஆமை

ஒரு காட்டில் பெரிய மந்திரியாக இருந்த கரடி, குளத்துத் தண்ணீரையெல்லாம் பக்கத்துக் காட்டுக்கு விற்றுவிட்டது. அந்தக் கோடையில் தாகத்துக்குத் தன் குட்டியைப் பறிகொடுத்த மான், சிங்கத்தின் சபைக்குப் போய் அழுது முறையிட்டது. விசாரிக்க ஆமையை நியமித்தார்கள்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று குரங்குகள் உதட்டைப் பிதுக்கின. மான் மட்டும் நம்பிக் காத்திருந்தது. கோடைகள் பல போயின. அதற்குக் கண்ணும் மங்கிவிட்டது.

ஒருநாள் ஆமை வந்து சேர்ந்தது. மான் தட்டுத்தடுமாறி எதிரே போய், "கரடியைக் கூப்பிட்டுக் கேட்டீர்களா, ஐயா?" என்றது.

"அவர்தானம்மா இப்போது எங்களுக்கும் மேலதிகாரி. உனக்குக் குட்டி என்று ஒன்று இருந்ததா என்று விசாரித்து வரச் சொன்னார்."



"இல்லை என்றே சொல்லிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு மான் திரும்பி நடந்தது.