ஒரே மாத்திரை, இரண்டு பெயர்

நான்கு மாதமாக எழுந்து நின்றாலே செசிலிக்குத் தலை சுற்றியது. இரண்டு முறை விழுந்த பிறகு, வீட்டுக்குள்ளும் கணவர் இன்னாசியின் தோளைப் பிடித்துத்தான் நடந்தாள். "எழுபத்து மூணு வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். இன்னாசிக்கு மனம் ஒப்பவில்லை. அரசு மருத்துவமனையின் முதியோர் பிரிவுக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த பெண் டாக்டர் அவளைப் படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார். பிறகு, சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் மேசையில் பரப்பச் சொன்னார். பதினொரு அட்டைகள். நிதானமாகப் படித்துவிட்டு இரண்டை மட்டும் தனியே எடுத்தார்.

"இது யாரு எழுதினது?"

"இருதய டாக்டர்."

"இது?"

"சர்க்கரைக்குப் பார்க்கிறவர்."

"ரெண்டும் ஒரே பிரஷர் மாத்திரைம்மா. கம்பெனி வச்ச பேருதான் வேற. ரெண்டு மடங்கு உள்ள போறதாலதான் நிக்கும்போது பிரஷர் இறங்கி தலை சுத்துது. இனி ஒண்ணு போதும்."

"அப்போ இது வயசுனால இல்லையா?"

"இல்லம்மா."

செசிலி அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் இருவரும் கடற்கரைச் சாலையில் நடந்தார்கள். தோளைப் பிடிக்காமல் அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் போயேன்!" என்றார் இன்னாசி, மூச்சு வாங்க.

செசிலி நின்றாள். திரும்பி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாளைக்கு உங்களையும் அந்த டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றாள்.