கடைசியில் போடும் ஹாப்ஸ்

வீட்டிலேயே காய்ச்சும் பேல் ஏல் பீருக்கான மால்ட் தண்ணீர், அதாவது முளைகட்டிய பார்லிச் சாறு, அடுப்பில் கொதிக்கத் தொடங்கிவிட்டது. பெலிக்ஸ் இன்னும் ஹாப்ஸ் என்ற உலர்பூப் பொட்டலங்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்தான். முதலில் போடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும், கடைசியில் போடுவது பழம்போன்ற வாசனையைத் தரும். கசப்பை அவனே பார்த்துக்கொள்வான். வாசனை மட்டும் எப்போதும் மனைவி ஜெசிந்தாவின் பொறுப்பு. ஒவ்வொன்றாகக் கண்ணை மூடி முகர்ந்து, எது கடைசி என்று அவள்தான் சொல்வாள். போன மாதம் காய்ச்சலில் படுத்ததிலிருந்து அவளுக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. அதன்பின் குழந்தையின் உச்சந்தலையைக்கூட அவள் முகர்வதில்லை.

பொட்டலங்களை இந்தப் பக்கம் வைத்தான், அந்தப் பக்கம் வைத்தான். பொறுக்கமாட்டாமல் ஒன்றை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தபோது ஜெசிந்தா வந்துவிட்டாள்.

"எதுக்கு இப்படித் தவிக்கிற? குடு இங்க."

பொட்டலத்தைப் பிடுங்கி, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"மாம்பழம்! பெலிக்ஸ், எனக்கு வாசனை வந்துடுச்சு! இதையே கடைசில போடு."

அவள் கையிலிருந்த வெள்ளித்தாள் பொட்டலத்தின் வாய் இன்னும் வெட்டப்படாமல் ஒட்டியே இருந்தது.

"மாம்பழமேதான்" என்றபடி அவன் கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.