தோற்காத துணை ஆளுநர்

மாகாணத் துணை ஆளுநர் மியாவ் தேஷான் சீனச் சதுரங்கத்தில் தோற்றதே கிடையாது. வட்டாரத் தலைவராக இருந்தபோது அலுவலகத்தையே ஜெயித்தார்; மேயரானதும் ஊரையே ஜெயித்தார். பதவி ஏற ஏற ஆட்டமும் ஏறியது.

அன்று பெய்ஜிங்கிலிருந்து தொலைபேசி வரவேண்டும். ஒன்று ஆளுநர் பதவி, இல்லையென்றால் ஓய்வு. படபடப்பில் டிரைவர் கெங்கோடு ஆட உட்கார்ந்தார்.

“இருபது வருஷமா தோக்குறியே, வெக்கமா இல்லையாய்யா?”

“உங்க மூளை எனக்கேதுங்கய்யா?”

ஆட்டத்தின் நடுவே கெங் எழுந்து, டிரைவர்கள் கூடி மேலிடத்துச் சேதி பேசும் வெந்நீர் அறைக்குப் போய் ஃபிளாஸ்க்கை நிரப்பி வந்தார். உட்கார்ந்தார். பீரங்கிக் காயை நகர்த்தினார்.

“உங்க தளபதி காலி, ஆட்டம் முடிஞ்சுது, அண்ணே.”

மியாவ் பலகையைப் பார்த்தார். கெங்கைப் பார்த்தார். தொலைபேசி அடித்தது. மியாவ் எடுத்தார்.

“நன்றி தோழரே, சேதி ஏற்கெனவே வந்திருச்சு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

“அடப்பாவி! இப்படி ஆட எப்பலேருந்து தெரியும்?”

“மொதல் நாள்லேருந்து, அண்ணே.”

மியாவ் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“காயை அடுக்குய்யா. இனிமேதான் நமக்கு நேரம் இருக்கே!”

அடுத்த ஆட்டத்தில் பதினோரு நகர்த்தலிலேயே தோற்றார். அத்தனை ருசியான ஆட்டத்தை அவர் ஆடியதே இல்லையாம்.